இமயமலை வரை வந்த சுரைக்காய்

சென்ற வாரம் மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். இங்கே தங்கிவிட்டு அப்படியே மணாலிக்குப் போகிற ஏற்பாடு. கூடத்தில், முதுகில் மாட்டிக்கொள்ளும் பெரிய பைகள் இரண்டைக் கிடத்தி, துணிகளைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டிருந்தார்கள். கனமான சாமானைப் பையின் அடியில் வைப்பதா, நடுவில் முதுகை ஒட்டி வைப்பதா என்று நானும் என் மனைவி மரகதமும் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தோம். (நடுவில்தான். இதில் எனக்குப் பல வருடங்களாகச் சந்தேகமில்லை.) அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. எங்கள் பழைய மின்விசிறி கடகடவென்று முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றது. நாங்களும் நின்றோம். நான் "முதுகை" என்று சொல்லியிருந்தேன். "ஒட்டி" என்பது வாயிலேயே தங்கிவிட்டது.

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "சின்ன வயசுலேர்ந்து பார்த்துக்கினு வரேன். கரண்ட் போனா உங்க ரெண்டு பேர் பேச்சும் போயிடுது. நீங்களும் கரண்ட்லதான் ஓடறீங்களாப்பா?"

மாப்பிள்ளை மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார். மரகதம் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பதில் எங்களிடம் இருந்தது. ஆனால் விசிறி ஓடாதபோது அதை எப்படிச் சொல்வது?

அவர்கள் கிளம்பிப் போன பிறகு பரணில் ஏறி எங்கள் பழைய பையை இறக்கினேன். அதுவும் முதுகில் மாட்டும் பைதான். கித்தான் துணி, பச்சை நிறம். பச்சை என்றால் போதாது. பட்டுப் புடவைக் கணக்கில் கிளிப்பச்சை, பல தடவை துவைத்து இலைப்பச்சைக்கு வந்துவிட்ட கிளிப்பச்சை. திறந்ததும் முதலில் மண்ணெண்ணெய் வாசனை, அதற்கு அடியில் பழைய துணியின் புழுக்கம், அதற்கும் அடியில், நம்பினால் நம்புங்கள், மிளகாய்ப்பொடி. அடித்தையலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் தும்மினேன். கீழேயிருந்து மரகதம், "மொளகாப்பொடியா?" என்றாள். விசிறி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.

அந்தப் பை எங்களிடம் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இதே வீடுதான். ஆனால் அப்போது இது ஒரே கூடமும் ஓர் அறையும் சமையற்கட்டுமாக இருந்தது. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. தரையில் குழி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து என் தம்பி வேலு நெய்வான். எனக்கு நெசவு வரவில்லை. கணக்கு வந்தது. ஆகவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனை நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வீட்டில் அம்மா, வேலு, நான், மரகதம். நாலே பேர்தானே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த வீட்டில் அறைக்குக் கதவு கிடையாது. திரைச்சீலைதான். ஒருவர் விரலில் சொடுக்கெடுத்தால் மற்ற மூன்று பேரும் எந்த விரல் என்று சொல்லிவிடலாம்.

இதில் புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்வது? நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். தறி ஓடும்போது பேசுவது. வேலு கட்டையை மிதித்து, ஊடு நூலை ஓட்டும் நாடாவை விட்டு, பலகையை இழுத்து அடிக்கும்போது வீடே அதிரும். டடக், டக். டடக், டக். அந்தச் சத்தத்தின் மறைவில் நாங்கள் சாதாரணக் குரலில் எதையும் பேசலாம். சத்தம் நின்றால் வாயை மூடிவிட வேண்டும். சீக்கிரமே பழகிவிட்டது. அடிக்கும் அடிக்கு ஏற்றாற்போல் சொல்லை முறித்துப் பேசவும் கற்றுக்கொண்டோம்.

கஷ்டம் என்னவென்றால் வேலுவுக்கும் இது தெரியும். அவனுக்குப் பத்தொன்பது வயது, வேறு பொழுதுபோக்கு இல்லை. நல்ல கட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது என்பதை எப்படித்தான் மோப்பம் பிடிப்பானோ, பலகையைச் சட்டென்று பிடித்து நிறுத்திவிடுவான்.

அப்படித்தான் ஒரு நாள் காலை மரகதம் என் பக்கத்தில் வந்து, "என்னாங்க, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல வச்சிக்கினு" என்றாள். தறி நின்றது.

"சொல்லுங்க அண்ணி," என்றான் வேலு குழியிலிருந்து. "கேட்டுக்கினுதான் இருக்கேன்."

மரகதம் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒன்று என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். அன்று மாலை என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய், "டேய், தனிக்குடித்தனம்னு கேக்கப் போறாடா. புதுசா வந்தவங்க ரொம்ப நாளா மனசுல வச்சிக்கினு இருக்கறது வேற என்னா? கேட்டா காதுல வாங்காத" என்றாள். சொல்லும்போது சுரைக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அந்தச் சுரைக்கொடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொல்லையில் தானாக முளைத்து, கிணற்றடிக் கூரை மேல் ஏறி, நிறுத்தாமல் காய்த்துக்கொண்டிருந்தது. மரகதம் வந்த புதிதில் அம்மா சுரைக்காய்க் கூட்டு வைத்தாள். மரகதம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து வாரத்தில் பாதி நாள் சுரைக்காய்தான். எனக்குச் சுரைக்காய் என்றாலே ஆகாது. வெந்த பிறகும் வேகாததுபோல் இருக்கும் ஒரே காய் அது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் பெண்டாட்டி ஆசையாகச் சாப்பிடுகிறாளே என்று நானும் சத்தமில்லாமல் சாப்பிட்டேன்.

இப்போது பை. ஒரு நாள் எங்கள் விற்பனை நிலையத்துக்கு ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்தது. ஏகாம்பரநாதர் கோயிலைப் பார்த்துவிட்டு வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். அவருக்குத் தாடி, அந்த அம்மாளுக்குக் காலில் கொலுசு. ஆளுக்கு ஒரு பை முதுகில். ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். காபூல், லாகூர், டில்லி, காசி, காட்மாண்டு என்று தரை வழியாகவே சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, நாங்கள் இருவர்தான் என்றார் தாடிக்காரர். என் ஆங்கிலம் சரியில்லையோ என்று இன்னொரு முறை, பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று விளக்கிக் கேட்டேன். இல்லை. இத்தனை மாதங்களாக? ஆமாம், இருவர் மட்டும்.

அந்த "இருவர் மட்டும்" எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் நேரம். ஒரு பை போதும் என்று மற்றதை என்னிடமே தந்தார்கள். சும்மா வாங்கக் கூடாதே என்று, நான் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகும் மஞ்சள் பையைக் காலி செய்து கொடுத்தேன். எங்கள் கல்யாணத் தாம்பூலப் பை. முன்பக்கம் பிள்ளையார், பின்பக்கம் எங்கள் இருவர் பெயர், கீழே "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று இரு வீட்டார். அந்த அம்மாளுக்கு மகா சந்தோஷம். உடனே தோளில் மாட்டிக்கொண்டாள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு காய்கறிக் கடையில் எங்கள் கல்யாணத்துக்கு அழைப்பு கொஞ்ச காலம் தொங்கியிருக்கும்.

மறுநாள் தறிச் சத்தத்தில் மரகதத்திடம் சொன்னேன். டில்லி. டடக். ஆக்ரா. டக். காசி. டடக். காட்மாண்டு என்று நான் சொல்வதற்கும் தறி நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"எங்க போறதுக்குண்ணா?" என்றான் வேலு.

அம்மா சமையற்கட்டிலிருந்து வந்தாள். "காசிக்கா? கல்யாணமாகி ஒரு வருசம் ஆவல, காசிக்கு எதுக்குடா? அங்க வயசானவங்கதான போவாங்க."

"இமயமலை பார்க்கலாம்னு."

"இங்கேர்ந்து தெரியாதது அங்க போனா மட்டும் தெரியுமா?" என்றாள் அம்மா. ஆனால் தடுக்கவில்லை. தடுத்தால் மரகதம் தனிக்குடித்தனம் கேட்டுவிடுவாளோ என்ற பயம். எனக்கும் அந்தப் பயம்தான். மரகதத்தைத் தனியாக உட்கார வைத்து அந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். அது தனிக்குடித்தனமாக இருந்தால் என்ன சொல்வது? அம்மாவையும் வேலுவையும் விட்டுவிட்டு எங்கே போவது? முடியாது என்றால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பதிலை மூன்று பகுதியாகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

பையை அடுக்கியதில் நான் கொண்ட பெருமைக்கு அளவில்லை. கனமானது நடுவில், முதுகை ஒட்டி. எது எங்கே என்று படம் போட்டுப் பையின் மூடியில் ஒட்டினேன். கிளம்புகிற காலையில் அம்மா மிளகாய்ப்பொடி, வடகம், ஊறுகாய் என்று நாலு பொட்டலம் கொண்டுவந்து படத்தைக் கெடுத்தாள். கடைசியாக ஒரு சுரைக்காய். குழந்தை அளவு இருந்தது, நல்ல முற்றல். டில்லியில் இருக்கும் சரோஜா சித்திக்கு. அவள் அம்மாவின் சின்னம்மா மகள்.

"டில்லியில காய் கிடைக்காதாம்மா?"

"நம்ம கொல்லைக் காய் கிடைக்குமாடா?"

உள்ளே இடமில்லை. பைக்கு வெளியே, காயின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி, முதுகில் ஹிப்பிப் பை, பின்னால் ஆடும் சுரைக்காய். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தி வழி விட்டார்கள். "என்னபா, மிலிட்டரிக்கா?" என்று ஒருவர். "மிலிட்டரின்னா காய் அவங்களே குடுப்பாங்களேபா," என்று இன்னொருவர்.

டில்லிவரை ரயிலில் பேச முடியவில்லை. எதிரே ஆட்கள். மிளகாய்ப்பொடிப் பொட்டலம் போபாலுக்கு முன்னாலேயே வெடித்துவிட்டது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் மாறி மாறித் தும்மினோம். ரயில் கூவும்போதும் பாலத்தில் தடதடக்கும்போதும் மட்டும் மரகதம் சட்டென்று என் பக்கம் குனிந்து ஏதோ ஆரம்பிப்பாள். பாலம் முடிந்துவிடும்.

டில்லியில் விடுதி எடுப்பதாகத்தான் திட்டம். சுரைக்காயை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று கரோல்பாக்கில் சித்தி வீட்டுக்குப் போனோம். சித்தி முதலில் எங்களைப் பார்த்தாள், பிறகு சுரைக்காயைப் பார்த்தாள்.

"ஐயோ, அக்காவுக்கு என்னா புத்தி. இங்க வருசம் பூரா இதத்தான் தின்னுக்கினு இருக்கோம். தெருவுல கூவிக்கூவி விக்கிறான்பா. எடுத்துக்கினு போயிடு, புண்ணியமாப் போவும்."

காயைத் திருப்பிக் கொடுத்தாள். எங்களைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டாள். சொந்த சித்தி இருக்கும்போது விடுதியாம். ஆண்களுக்கு மொட்டைமாடி, பெண்களுக்குச் சமையலறை. நான் சித்தப்பா பக்கத்தில் படுத்து, அவர் அலுவலகத்தில் யாருக்கு எப்போது பதவி உயர்வு வந்தது என்று கேட்டபடி தூங்கிப்போனேன். சாப்பாட்டுக்குச் சுரைக்காய். குதுப் மினாரில் எங்கள் நடுவில் சித்தப்பா நின்று விளக்கினார். செங்கோட்டையில் நடுவில் நின்று விளக்கினார். ஆக்ராவுக்கும் கூடவே வந்தார். தாஜ்மகாலைப் பற்றி எனக்கு இப்போது நினைவிருப்பது, வலது பக்கம் கொஞ்சம் பளிங்கு, இடது பக்கம் கொஞ்சம் பளிங்கு, நடுவில் சித்தப்பாவின் ஸ்வெட்டர். அரக்கு நிறம்.

கிளம்பும்போது அந்தச் சுரைக்காயை அங்கேயே ஒரு மூலையில் வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. மரகதத்தைப் பார்த்தேன். அவள் காயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், ஊர்க்காய் மேல் எத்தனை பாசம் என்று நினைத்து மறுபடி கட்டிக்கொண்டேன்.

காசியில் ஒருவழியாக விடுதி. கதவு உள்ள அறை. தாழ்ப்பாளும் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினால் மரகதம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கங்கைக் கரையோரம் ஒதுக்குப்புறமான இடம், ஒரு சத்தமில்லை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

"மழை வராது போல இருக்குது," என்றேன், ரகசியக் குரலில்.

"ம்," என்றாள், அதைவிட ரகசியமாக.

பிறகு இருவரும் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தோம். அதுவும் பேசவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அவளும் அதே நேரம் கட்டிலில் உட்கார்ந்து அதே முடிவைக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் வழி தவறி ஒரு குறுகிய சந்துக்குள் நுழைந்துவிட்டோம். இரண்டு பக்கமும் உயரமான வீடுகள். உள்ளே போகப் போகச் சத்தம் வந்தது. டடக், டக். பனாரஸ் பட்டு நெய்கிறவர்களின் தெரு. வீட்டுக்கு வீடு தறி. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த மரகதம் பேச ஆரம்பித்தாள்.

அணை உடைந்தது என்று எழுத மாட்டேன், அது எல்லோரும் எழுதுவது. குழாயைத் திறந்தவுடன் முதலில் காற்றும் துருவும் வந்து, பிறகு தண்ணீர் கொட்டுமே, அப்படி. சித்தி சமையலறையில் பூனை படுத்தது, ஆக்ராவில் செருப்பு கடித்தது, நான் எப்போதும் நாலடி முன்னால் நடந்துவிடுவது, திரும்பிப் பார்க்காதது, பையில் அந்தப் படம் எதற்கு என்பது. நானும் பதிலுக்குப் பதில் கொடுத்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நடுச்சந்தில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "ஊர்ல ஒன்னு சொல்லணும்னேனே. அது என்னான்னா"

நான் என் மூன்று பகுதிப் பதிலை மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன். பக்கத்து மசூதியில் மதியத் தொழுகைக்கு அழைத்தார்கள். தெரு முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மரகதத்தின் பேச்சும் நின்றது.

ஒரு வீட்டு வாசலில் இருந்து பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, ஏன் அப்படியே நின்றுவிட்டீர்கள் என்று இந்தியில் கேட்டார். என் இந்தி தபாலில் படித்தது. ராமன் மாம்பழம் சாப்பிடுகிறான், சீதை கிணற்றடியில் இருக்கிறாள் என்ற அளவில் நிற்கும். "என் மனைவி பேசுகிறாள். தறி நிற்கிறது," என்றேன். அவர் யோசித்துப் பார்த்தார். அவருக்கும் தறி வீடுதானே. "இருங்கள்," என்றார். "தொழுதுவிட்டு வந்து ஓட்டுகிறோம்." சிரிக்காமல் சொன்னார். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

நேபாள எல்லையில், ரக்சௌலில், சோதனைக்காரர் எங்கள் பையைப் பிரிக்கவில்லை. சுரைக்காயைப் பிடித்துக்கொண்டார். தட்டினார், குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார். நேபாளத்திலும் சுரைக்காய் உண்டு, எதற்காக இதைத் தூக்கிக்கொண்டு போகிறாய் என்றார். "என் மனைவி சுரைக்காயை விரும்புகிறாள்," என்றேன், இலக்கணச் சுத்தமாக. அவர் மரகதத்தைப் பார்த்தார். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, மரியாதைக்குத் தலையாட்டினாள். போ என்று கை காட்டிவிட்டார்.

காட்மாண்டுவில் தெருவெல்லாம் பை மாட்டிய வெள்ளைக்காரர்கள். என் பையைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் ரகசியமாக அருகில் வந்து, உள்ளங்கையில் பழுப்பாக ஒரு கட்டியைக் காட்டினான். கட்டிப் பெருங்காயம் என்று நினைத்தேன். கிள்ளி முகர்ந்து பார்த்தேன். பெருங்காய வாசனை துளியும் இல்லை. இப்படிக் கலப்படம் செய்து விற்கிறாயே, இது சாம்பாருக்கு ஆகுமா என்று கண்டித்து அனுப்பினேன். அவன் போய்த் தன் கூட்டாளிகளிடம் என்னைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அது கஞ்சாவிலிருந்து எடுக்கும் சரக்கு என்று பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்து, அந்தப் பக்கத்தை மடித்து மரகதத்திடம் காட்டினேன். விரலை எங்கே துடைத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏறி தூலிகேல் என்னும் ஊர். ஒரு வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட்டார்கள். விடிகாலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே முழுவதும் பனிமலை. முதலில் வாடாமல்லி, பிறகு மாம்பழ நிறம், பிறகு வெறும் சந்தனம். ஊருக்கு வந்து இதை வேலுவிடம் சொன்னபோது, மூன்று கலரும் ஒரே பார்டரில் வராது, நான் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன் என்றான்.

காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு அமைதி கிடையாது. காசியிலும் இல்லை. அந்த அமைதியில் நாங்கள் இருவரும் இரண்டு ஊமைகளைப் போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மரகதத்தின் முகம் வாடியிருந்தது. ஒரு முறை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குளிரால்தான் என்றாள், ரகசியக் குரலில்.

அவளைச் சந்தோஷப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழியாக, சுரைக்காயைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தேன். முற்றல் என்பதால் கெடவில்லை. கெட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே போய் வீட்டுக்கார அம்மாளிடம் கொடுத்து, இன்றைக்கு இதைச் சமைத்துத் தாருங்கள் என்று கைஜாடையில் கேட்டேன். அந்த அம்மாள் தன் வீட்டுக் கூரையைக் காட்டிச் சிரித்தாள். கூரை முழுக்கச் சுரைக்கொடி.

மதியம் இரண்டு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். மரகதம் ஒரு வாய் எடுத்தாள். நான் ஒரு வாய் எடுத்தேன். அவள் கைகூடக் கழுவாமல் எழுந்துவிட்டாள். கதவைத் திறந்து இறங்கி, வயல் வரப்பு வழியாகச் சரிவில் விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அன்று நாலடி பின்னால் இருந்தது நான்.

கீழே ஓர் ஓடை, ஓடை மேல் சின்னக் குடிசை. தண்ணீரில் சுற்றும் மாவு மில். கல் சுற்றச் சுற்ற, தானியம் விழுவதற்காக ஒரு குச்சி அதன் மேல் துள்ளித் துள்ளித் தட்டும். டடக், டக். டடக், டக்.

மரகதம் வாசற்படியில் உட்கார்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னாங்க," என்றாள், வீட்டுக் குரலில். "கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"எனக்குச் சுரைக்கா புடிக்காது."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று பகுதிப் பதிலில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"வந்த அன்னிக்கு ரெண்டாவது தரம் வாங்கிச் சாப்ட்டியே."

"சட்டுனு முடிக்கலாம்னு முழுங்கினேன். எல காலியா இருக்கவும் அத்தை மறுபடி வச்சிட்டாங்க. அப்புறம் நீங்க ஆசையா சாப்படறீங்களேன்னு நானும் தின்னுக்கினு இருந்தேன்."

"எனக்கும் புடிக்காது."

"பின்ன எதுக்கு அத இங்க வரைக்கும் தூக்கிக்கினு வந்தீங்க?"

"உனக்குப் புடிக்கும்னுதான். நீ தொடச்சி வச்சியே."

"உங்க சட்டையில கறை படுதேன்னு தொடச்சேன்."

மில்லுக்காரர் மாவு மூட்டையோடு வெளியே வந்தார். படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்த எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். எங்கள் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்காது. அந்தத் தைரியத்திலேயே கேட்டேன்.

"அப்ப தனிக்குடித்தனம் கேக்கணும்னு உனக்கு இல்லியா?"

"அதுக்கா இத்தன நாளா மூஞ்ச அப்படி வச்சிக்கினு வந்தீங்க?" என்றாள். "தனியாப் போனா தறிச் சத்தத்துக்கு எங்க போறது? நம்ம ரெண்டு பேருக்கும் சத்தம் இல்லாம பேச வரலியே."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாலம், பல்லி, பனாரஸ் சந்து, எல்லாம். அங்கே தங்கிய மீதி நாட்களில் நாங்கள் பனிமலையை அதிகம் பார்க்கவில்லை. விடிந்ததும் மாவு மில்லுக்குப் போய்விடுவோம். மில்லுக்காரருக்கு நாங்கள் தானியம் இல்லாமல் ஏன் வருகிறோம் என்று புரியவே இல்லை.

ஊருக்கு வந்த மறுநாள் தறி ஓடும்போது அம்மாவிடம் சுரைக்காய் விஷயத்தைச் சொன்னேன். வேலு வழக்கம்போல் நிறுத்திவிட்டான்.

"எனக்கு மட்டும் புடிக்குமா?" என்றாள் அம்மா. "வேலுவுக்கும் மரகதத்துக்கும் ஆசைன்னுதான் வச்சேன்."

"எனக்கா?" என்றான் வேலு. "யாரு சொன்னது? அண்ணன் மூஞ்சிக்காகத்தான் நான் தின்னேன்."

அம்மா மரகதத்தைப் பார்த்தாள். "மனசுல வச்சிக்கினு இருந்தது இதானா?" என்றாள். மரகதம் தலையாட்டினாள். அம்மா கொல்லைக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை. வரும்போது முகம் கழுவியிருந்தாள். அன்று கத்தரிக்காய்.

தனிக்குடித்தனம் என்று எங்கள் வீட்டில் அப்புறம் யாரும் பேசவில்லை. அது தானாகவே வந்தது. வேலுவுக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, தறியை எடுத்துக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் சொந்த வீட்டுக்குப் போனான். நன்றாக இருக்கிறான், தலை நரைத்துவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்தாள். குழியை மூடிச் சிமெண்டு பூசினோம். மகள் பெங்களூரில். அறைக்குக் கதவு போட்டோம். சாத்த வேண்டிய அவசியமே வரவில்லை. இந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். நாங்கள் என்ன பேசினாலும், எவ்வளவு உரக்கப் பேசினாலும், ஒட்டுக்கேட்க ஓர் ஆள் கிடையாது.

நேற்று மாலை நான் பையைத் தட்டிக் காற்றாட வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மின்சாரம் இருந்தது, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று விசிறியை நிறுத்தியிருந்தேன். வீடு நிசப்தமாக இருந்தது. மரகதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து சமையற்கட்டுக்குப் போய், மிக்சியைப் போட்டாள். ஜாரில் ஒன்றுமில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நாளைக்குச் சுரைக்கா கூட்டு வைக்கட்டா?" என்றாள்.

"எனக்குப் புடிக்காதே."

"எனக்கும்தான் புடிக்காது," என்றாள். "அத்தை வைக்கிற மாதிரி வைக்கறேன். வேலுவையும் வரச் சொல்லுங்க."